ஒரு சொட்டு ரத்தம் வரல

தள்ளி உக்காரு தாயி, இந்த பெஞ்சு நடுவுல ஒடஞ்சிருக்கு, சேலையக் கிழிச்சிப்புடும். நீ எதுக்கு வந்திருக்க? புருசனா? குடிச்சிட்டு அடிக்கானா? சரி, சரி, அழாத. மகளிர் ஸ்டேசன்னுதான் பேரு, ஆனா இங்க பொம்பள அழுதா ஒருத்தரும் நிமிந்து பாக்க மாட்டாக. காலையில இருந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

நான் புகார் குடுக்க வந்தவ இல்ல. என் மேலதான் புகாரு. என் தம்பி பொண்டாட்டி குடுத்திருக்கா, சங்கரேஸ்வரின்னு பேரு. மண்டைய ஒடச்சிட்டேனாம். ஒடச்சேன்தான், இல்லங்கல. ஆனா ஏன் ஒடச்சேன்னு ஒருத்தராவது கேக்கணும்ல? உள்ள எழுதுற பிள்ள, எதால அடிச்சீக, எங்க அடிச்சீகன்னு கேக்குதே ஒழிய ஏன்னு கேக்கல. நீ கேளு. இன்ஸ்பெக்டரம்மா சாப்பிட்டு வர்ற வரைக்கும் நமக்கு வேற என்ன சோலி.

என் பேரு சீனியம்மா. பஜார்ல தண்ணித்தொட்டிக்கு எதுத்தாப்புல கறிக்கடை இருக்குல்ல, அது நம்ம கடைதான். எங்கய்யா போட்டது. எனக்கும் ஒரு புருசன் இருந்தான். ஒருநா என் மேல கைய வச்சான், கத்திய மட்டையாத் திருப்பி தோள்ல ஒண்ணு போட்டேன், அன்னைக்குப் போனவன்தான். நல்லதுன்னு விட்டுட்டேன். எனக்குத் தம்பி இருக்கான், பொறவு என்ன. எங்காத்தா சாகையில காளிராசு அர டவுசர் போட்ட பய. நான்தான் வளத்தேன். அடிச்சுத்தான் வளத்தேன். அவன் கல்யாணம் ஆன பொறவு கூட நான் கைய ஓங்குனா தலையக் குனிஞ்சு நிப்பான். அம்புட்டுப் பாசம் என் மேல.

போன தீவாளிக்கு முந்துன ஞாயித்துக்கெழம. கடையில நிக்க எடமில்ல. தொங்கவிட்ட கிடாயத் தோலுரிச்சிக்கிட்டிருந்தவன் கத்தியக் கீழ போட்டுட்டு நெஞ்சப் பிடிச்சான். “எக்கா, உள்ள யாரோ பிழியிற மாதிரி இருக்குக்கா. கை மரத்துப் போச்சு”ங்கான். வேர்த்து ஊத்துது. இருவத்தொம்பது வயசு, பீடி கூட குடிக்காத பய, அவனுக்கு என்ன வந்திரும்? வாய்வுன்னு நெனச்சேன். சோடாவுல பூண்டத் தட்டிப் போட்டுக் குடிக்க வச்சு, முதுகுல நாலு குத்து குத்துனேன், ஏப்பம் வரட்டும்னு. ஏப்பம் வரல. கிடா தொங்குற கம்பியப் பிடிச்சிக்கிட்டே சரிஞ்சிட்டான்.

சங்கரி அப்ப பக்கத்துத் தெருவுல ஒரு மெடிக்கல்ல வேலைக்கு நின்னா. யாரோ சொல்லி ஓடியாந்தா. வந்தவ என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, ஏதோ ஒரு மாத்திரைய அவன் வாயில போட்டு மெல்லுங்க மெல்லுங்கன்னா. நான் தட்டிவிடப் போனேன், அதுக்குள்ள முழுங்கிட்டான். ஆட்டோவும் அவதான் கூட்டியாந்தா. அத நான் மறைக்க மாட்டேன். எனக்கு நாயம்னா நாயம்.

ஆசுபத்திரியில ஒரு சின்னப் பையன் டாக்டரு. படம் எடுத்துப் பாத்துட்டு ஹார்ட் அட்டாக்குங்கான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஏன்டா, இந்த வயசுப் பிள்ளைக்கு ஹார்ட் அட்டாக்காடான்னு சட்டையப் பிடிச்சு உலுக்குனேன், பித்தான் எல்லாம் தெறிச்சிருச்சு. ஆளுக வந்து பிரிச்சு விட்டாக. பாவம், அவன்தான் எழுதிக் குடுத்து மதுரைக்கு அனுப்பிவிட்டான். மதுரையில தொடை வழியாக் கம்பிய விட்டு ஸ்பிரிங்கு வச்சாக. பொழச்சிக்கிட்டான்.

இனிமேதான் கூத்து. பெரிய டாக்டரு எங்க ரெண்டு பேத்தையும் கூப்புட்டாரு. கொழுப்பு அடைக்கலம்மா, ரத்தக்கட்டிதான் அடைச்சிருக்குங்காரு. முன்னால எப்பவாவது கால் வீங்குச்சான்னு கேட்டாரு. வீங்குச்சு. கெண்டக்கால் பந்து மாதிரி வீங்கிச் செவந்து போச்சு ஒரு தடவ. கிடா ஒதச்சிருக்கும்னு எண்ணெயக் காச்சி நான்தான் அழுத்தி நீவி விட்டேன். டாக்டரு அதக் கேட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு. பொறவு ரத்தம் எடுத்தாக. மூணு மாசங் கழிச்சு மறுபடி எடுத்தாக. அதேதான்னுட்டாரு. பேரு என்னமோ இங்கிலீசுல நீளமாச் சொன்னாரு, வாயில நொழையல. ஒடம்புக்குள்ள நோய வெரட்டுறதுக்குன்னு காவக்காரன் மாதிரி ஒண்ணு இருக்காம். அது இவனுக்கு ஆள் அடையாளம் தெரியாம சொந்த ஒடம்பையே அடிக்காம். அதுல ரத்தம் ஓடுற எடத்துலயே உறைஞ்சு போகுதாம். சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் இது கூட வருதாம்.

யாருகிட்டச் சொல்றாரு பாத்தியா? கிடாய அறுத்து ரத்தத்தச் சட்டியில பிடிச்சு, உப்பப் போட்டு உறைய வச்சு, துண்டு போட்டு விக்கிறவகிட்ட. நான் கேட்டேன். “சார், ரத்தம் உறையணும்னா கிடா சாகணும். உசுரோட இருக்க கிடாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு இந்த இருவது வருசத்துல நான் ஒரு நாளும் பாக்கல”ன்னேன். அந்தாளு சிரிக்கல. “உறையும்மா. ரத்தத்த இளக்குறதுக்கு ஒரு மாத்திர தாரேன். ஆயுசுக்கும் போடணும். என்ன ஆனாலும் ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது”ன்னாரு. அதுவும் என் மொகத்தப் பாத்துத்தான் சொன்னாரு, அவளப் பாத்துச் சொல்லல. படிச்ச மனுசன், வீட்டுல யாரு பெரியவன்னு தெரியுதுல்ல.

அந்த மாத்திர வந்துச்சு, வீட்டுல அவ ராச்சியம் ஆரம்பிச்சது. கத்தியத் தொடக்கூடாது, காயம் பட்டா நிக்காதாம். கடைக்கு வரக்கூடாது. முருங்கைக்கீரைய நெனச்ச நேரம் நெனச்ச அளவு திங்கக்கூடாது, மாத்திர வேல செய்யாதாம். மாசா மாசம் ரத்தம் குத்தி எடுக்கணும். கிடாயக் கழுத்தோட மடக்கிப் பிடிக்கிற பய, கட்டில்ல உக்காந்து வெங்காயம் உரிக்கிறான். உரிக்கிறது கூட கையால, கத்தி குடுக்க மாட்டா. ஒருநா சவரம் பண்ணையில தாடையில லேசாக் கீறிருச்சு. அதுபாட்டுக்குக் கசியுது, கசியுது, துண்டு நனைஞ்சு போச்சு. ரத்தத்தத் தண்ணியாக்கிட்டாளே பாவின்னு அவ குடுமியப் பிடிச்சு செவுத்துல மோதுனேன். காளிராசு குறுக்க வந்தான். அவனுக்கும் ஒண்ணு விழுந்துச்சு.

“மதினி, என்னைய அடிங்க, அவர அடிக்காதீங்க, உள்ள ரத்தம் கட்டிரும்”னா. பாரு, அப்பவும் மாத்திரப் பேச்சுத்தான்.

இப்ப விசயத்துக்கு வாரேன். மதுரையில அவன் கண்ணு தெறக்காம கெடக்கையில நான் நம்மூருக் கோயில் ஆத்தாகிட்ட ஒரு வேண்டுதல் வச்சேன். எம்பிள்ளைய எந்திரிக்க வச்சிரு, பங்குனிப் பொங்கலுக்கு ஒனக்கு வாயலகு குத்தி அவன நடத்தியே கூட்டியாரேன்னு. அடுத்தநா கண்ணு முழிச்சான். ஸ்பிரிங்குலயா முழிச்சான்? சொல்லு.

அவகிட்டச் சொன்னேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. டாக்டருக்குப் போனப் போட்டா. அவரு, கன்னத்துல கம்பியா, வேண்டவே வேண்டாம்னாராம். சாமி காரியத்துக்கு டாக்டருகிட்டச் சீட்டு வாங்கணுமா தாயி? வேணும்னா நான் தீச்சட்டி எடுக்கேன் மதினி, அவருக்குப் பதிலா நான் அலகு குத்திக்கிறேன்னு கால்ல விழுந்தா. ஒனக்கா வேண்டுனேன்னு கேட்டேன். கால ஒதறுனேன், போய் அண்டா மேல விழுந்தா.

எங்க பக்கத்துல அலகு குத்துனா ரத்தம் வரக்கூடாது. ஒரு பொட்டு வந்தாலும் ஊரே கேக்கும், வெரதத்துல என்ன கொற, வீட்டுல என்ன தீட்டுன்னு. கறிக்கடைக்காரி வீட்டுப் பிள்ளைக்கு ரத்தம் வந்துச்சுன்னு வையி, அந்தப் பேரு சாகுற வரைக்கும் போகாது. சவரக் கத்தி கீறுனதுக்கே துண்டு நனைஞ்ச பயலுக்குக் கம்பியக் குத்துனா என்ன ஆகும்? நீயே சொல்லு, நான் என்ன செய்யணும்?

காப்புக் கட்டுனா பொண்டாட்டி கூட ஒரே வீட்டுல இருக்கப்படாது, எங்க வழக்கம் அது. கூட்டியாந்து என் வீட்டுல வச்சுக்கிட்டேன். அவ மாத்திரைய எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு, எந்தக் கெழம எதுன்னு ஒட்டி, என் கையில குடுத்தா. “மதினி, நீங்க என்னைய என்ன வேணாச் செய்ங்க. இத மட்டும் விட்றாதீங்க”ன்னா. சரின்னு வாங்கிட்டு கடைச் சாக்கடையில தட்டிவிட்டேன். மொத நாள் காளிராசு கேட்டான். “எக்கா, மாத்திர?” கையில ஆத்தா கயிறு இருக்கு, அத விட என்னடா மாத்திரன்னேன். “இல்லக்கா, டாக்டரு…”ன்னு இழுத்தான். விட்டேன் ஒரு அறை. அதுக்குப் பெறகு கேக்கல. அவ தெனமும் தெரு முக்குல வந்து நின்னுக்கிட்டு கேப்பா, குடுத்தீங்களா மதினின்னு. குடுத்தேன்னேன். வெரதத்துல பொய் சொல்லக்கூடாதுதான். ஆனா சாமிக்காகச் சொன்னது பொய்யா?

பொங்கல் அன்னைக்கு நீ பாத்திருக்கணும். மஞ்ச வேட்டி, கழுத்துல மால, ஊருணிக் கரையில நின்னான் எம்பிள்ள. பூசாரி துன்னூத்த அள்ளிக் கன்னத்துல அடிச்சாரு. நாங்க எல்லாம் கொலவ போட்டோம். கம்பி இந்தக் கன்னத்துல போயி அந்தக் கன்னத்துல வந்துச்சு. நான் மூஞ்சிக்கிட்ட மூஞ்சிய வச்சுப் பாத்தேன். ஒரு சொட்டு ரத்தம் வரல தாயி. ஒரு சொட்டு. ஊரே பாத்துச்சு. எனக்கு அப்ப வந்த சந்தோசம் இருக்கே, அத எப்படிச் சொல்ல. நான் அழுதுட்டேன்.

மேளத்தோட நடந்தோம். பஜார் தாண்டையில நல்லாத்தான் வந்தான். கோயில் வாசலுக்கு வரவும் நின்னுட்டான். கையக் கொண்டுபோயி நெஞ்சுல வச்சான். வாயில அலகு இருக்கே, எப்படிப் பேசுவான்? என்னையே பாத்தான். நெஞ்சத் தட்டித் தட்டிக் காட்டுறான், என்னையப் பாக்கான். ஒடம்பெல்லாம் வேர்வ. கை காலு ஆடுது. ஆத்தா எறங்கிட்டாடான்னு நான்தான் மொதல்ல கத்துனேன். மேளக்காரன வேகமா அடிக்கச் சொன்னேன். அவன் அடிக்க, இவன் ஆட, சனமெல்லாம் கையெடுத்துக் கும்பிடுது. அப்படியே முழங்கால் போட்டு விழுந்தான்.

அப்பத்தான் அந்த முண்ட கூட்டத்தப் பிளந்துக்கிட்டு வந்தா. “சாமி இல்ல, அது சாமி இல்ல, அவருக்கு நெஞ்சு, விடுங்க”ன்னு கத்திக்கிட்டு வாரா. அலகுல கைய வைக்கப் போறா. அருள் வந்த ஆள வீட்டுக்கு விலக்கு உள்ளவ தொடலாமா? அவ விலக்கா இல்லையான்னு எனக்கு அப்பத் தெரியாது. ஆனா தெரியாததுக்காகத் தொட விட முடியுமா? முடியப் பிடிச்சு இழுத்தேன். அவ என் கையக் கடிச்சா. இங்க பாரு, இன்னும் தழும்பு இருக்கு. கீழ தள்ளி, வேப்பங்கொப்பால மூஞ்சியிலயும் கழுத்துலயும் அடிச்சேன், கொப்பு ஒடிஞ்சு போச்சு, பெறகு காலால மிதிச்சேன். அவ தரையில கெடந்துக்கிட்டே அவன் பக்கம் ஊந்து போறா. நான் மேல உக்காந்துக்கிட்டேன். மேளம் நிக்கவே இல்ல. யாரோ ஒருத்தன்தான் அவன் ஒதடு நீலமா இருக்குன்னு பாத்துட்டு மேளத்த நிறுத்தச் சொல்லி அலகப் பிடுங்குனான். அப்பவும் ரத்தம் பெருசா வரல.

நூத்தியெட்டு வந்து தூக்கிட்டுப் போச்சு. மறுபடி மதுர. மறுபடி அதே கதை, நெஞ்சுல கட்டி அடைச்சிருக்கு, அதுல கொஞ்சம் மூளைக்கும் போயிருச்சு, வலது பக்கம் வராது, பேச்சு வராதுன்னாக. நெஞ்சுல பாதி செத்துப் போச்சாம். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, மாத்திர ஒடம்புல இருக்க அடையாளமே இல்லையேன்னு கேட்டாரு அந்த டாக்டரு. சங்கரி என்னையத் திரும்பிப் பாத்தா. மூஞ்சியெல்லாம் வீங்கி, ஒரு கண்ணு மூடிக் கெடக்கு, இன்னொரு கண்ணால பாக்கா. “குடுத்தேன்னு சொன்னீங்களே மதினி”ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா. எல்லாரும் பாக்க என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டா. அங்கனயே ஒண்ணு விட்டேன். வாச்மேன் வந்து என்னைய வெளிய தள்ளிட்டான்.

எங்க தப்பு நடந்துச்சுன்னு நான் எத்தனையோ நாளு உக்காந்து யோசிச்சிருக்கேன். வெரதத்துல கொற இல்ல. ரத்தம் வரல, அதுவே சாட்சி. அப்ப ஆத்தா எதுக்குக் கோவிச்சா? அவ வந்து தொடப் போனா பாரு, அதுக்குத்தான். வேற என்ன இருக்கு?

அவனத் தூக்கிட்டு அவ ஆத்தா ஊருக்குப் போயிட்டா. கோயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டி. நான் போனா கதவத் தெறக்க மாட்டா. சன்னல் வழியா எட்டிப் பாத்தேன் ஒருநா. சின்னப் பிள்ளைக்குக் குடுக்க மாதிரி அவன் வலது கையில ஒரு ரப்பர் பந்தக் குடுத்து அமுக்கு அமுக்குங்கா. அவன் வெரல ஒண்ணு ஒண்ணா அவளே மடக்குறா, விரிக்கா. காலையில அதே வேல, சாயங்காலம் அதே வேலையாம். கிடாயத் தூக்குன கையில பந்தக் குடுத்து வெளையாடுறா. எனக்கு ரத்தம் கொதிச்சது, ஆனா அன்னைக்குப் பொறுத்துக்கிட்டேன்.

நேத்துத்தான் பொறுக்கல. ஆத்தா துன்னூத்த முடிஞ்சுக்கிட்டுப் போனேன். கதவு தெறந்து கெடந்துச்சு. தம்பிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னேன், தன்மையாத்தான் கேட்டேன். சங்கரி கையில மாத்திரையும் தண்ணியும். அத அவன் வாயில போட்டுட்டுத்தான் என் பக்கம் திரும்புனா. “உங்க தம்பிய ஒரு தடவ நீங்க கொன்னாச்சு மதினி. நான் பொறுக்கி எடுத்துக் கொண்டுவந்து வச்சிருக்கேன். இனி தர மாட்டேன்”னா.

நானா தாயி? பசிக்குதுன்னு அழுகுறதுக்கு முந்தி ஊட்டுனவ நான். நானா கொன்னேன்? வாசல்ல அடிகொழாயிக் கைப்பிடி கழண்டு கெடந்துச்சு. எடுத்தேன். அவ கையத் தூக்கித் தடுத்தா, கை மேல ஒண்ணு விழுந்துச்சு, சத்தம் கேட்டுச்சு. அடுத்தது மண்டையில. சுருண்டு விழுந்தா. ரத்தம் பாரு, அவளுக்குத்தான் அப்படி வந்துச்சு, தரையெல்லாம். மாத்திர தின்னாதவளுக்கே அம்புட்டு ரத்தம்.

காளிராசு நாக்காலியில உக்காந்திருக்கான். தொண்டையில இருந்து ஏதோ சத்தம் வருது. பயந்துட்டான்னு நெனச்சு, கைப்பிடியப் போட்டுட்டு அவன் முன்னால மண்டியிட்டேன். ஒண்ணுமில்லடா ராசா, அக்கா வந்துட்டேன், வீட்டுக்குப் போவோம்னு துன்னூத்த எடுத்து நெத்தியில பூசப் போனேன்.

அறைஞ்சான் தாயி. என் கன்னத்துல. வலது கையால.

எனக்குக் காதுக்குள்ள ங்கொய்யுங்குது. நான் அப்படியே பாக்கேன். மூணு மாசமாச் சோறு எடுக்க வராத கை. டாக்டரு வராதுன்னு கைவிட்ட கை. மறுபடி ஓங்குறான். ஓங்கி, வாயக் கோணிக்கிட்டு, எச்சி ஒழுக, “போ”ங்கான். ஒத்தச் சொல்லு. ஆனா தெளிவாச் சொன்னான். “போ.”

கையும் வந்துருச்சு, பேச்சும் வந்துருச்சு. துன்னூறு நெத்தியில படுறதுக்கு முந்தியே. எனக்கு அழுகையா வருது, சிரிப்பா வருது, அங்கனயே தரையில விழுந்து கும்பிட்டேன். அதுக்குள்ள ஊர்க்காரங்க வந்து என் ரெண்டு கையையும் பின்னால பிடிச்சிட்டாக.

காலையில இன்ஸ்பெக்டரம்மா கேட்டாக, ஒங்க தம்பி ஒங்கள அடிச்சதாச் சொல்றீகளே, அதையும் எழுதவான்னு. எதுக்கு எழுதணும்? எம்பிள்ள அடிச்சது எனக்கு நேந்துக்கிட்டது கெடச்ச மாதிரி.

இப்ப சொந்தக்காரங்க பேசிக்கிட்டிருக்காக. அவ மண்டையில போட்ட தையலப் பிரிக்கிறதுக்குள்ள சமாதானம் ஆகிரும், நம்ம ஊருல எது ஆகல. ஆடிப் பொங்கலுக்கு இன்னும் நாளு கெடக்கு. கை குடுத்த ஆத்தாளுக்குச் செய்யாம இருக்க முடியுமா? அலகு குத்தித்தான் ஆகணும். ஆனா இந்தத் தடவ காப்புக் கட்டுற வரைக்கும் காத்திருக்கப் படாது தாயி, மாத்திரைய அதுக்கு ரொம்ப முன்னாடியே நிறுத்திரணும்.